டிரைவர் கேட்ட உருளைக்கிழங்கு

இல்லம்மா, உன் வீட்டுக்காரருக்கு அவ்வளவா வலிச்சிருக்காது. மூக்கு வழியா குழாய் இறக்குறப்ப கண்ணுல தண்ணி வரும், தொண்டை குமட்டும், அவ்வளவுதான். ரெண்டு நாள் போனா அது இருக்கிறதே மறந்துபோயிடும். நான் டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல. இந்த ஸ்டெம் செல் வார்டுக்குச் சமைக்கிறவ. பதினோரு வருஷமாச்சு. கொஞ்சம் தள்ளி உக்காரு, கால் கடுக்குது.

உன் வீட்டுக்காரரு இருக்காரே, அதே ரூம்ல முன்னாடி ஒரு லாரி டிரைவர் இருந்தாரு. ஆளு கதவு மாதிரி இருப்பாரு. வந்த அன்னிக்கே, அக்கா, நான் நல்லா சாப்பிடுற ஆளு, எனக்கு ரெண்டு பங்கா வைங்கன்னாரு. வச்சேன். அஞ்சு நாள் வெளுத்துக்கட்டினாரு. அப்புறம், புது செல் ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு மருந்து குடுப்பாங்கல்ல, அது வேலையைக் காட்டிடுச்சு. வாயெல்லாம் புண்ணு. எச்சில் முழுங்கக்கூட முடியல. நான் அனுப்புற தட்டு அப்படியே திரும்பி வரும். சமைக்கிறவளுக்கு எப்படி இருக்கும், சொல்லு.

யாருக்கு என்ன சாப்பாடுன்னு பாக்குற டயட்டீஷியன் பொண்ணு குழாய் போடச் சொல்லுச்சு. போட்ட அன்னிக்கே மனுஷன் புடுங்கி எறிஞ்சிட்டாரு. சிரிக்காத, நிஜமாத்தான். மூக்கால சாப்பிடுறவன்னு லாரி ஸ்டாண்டுல கேலி பண்ணுவாங்களாம். எடை எட்டு கிலோ இறங்கிடுச்சு. மறுநாள் அந்தப் பொண்ணு கட்டில் பக்கத்துல உக்காந்து, அண்ணே, புது ரத்தம் ஊறணும்னா உடம்புல சத்து வேணும், டீசல் இல்லாத வண்டியை எவ்வளவு தூரம் தள்ளிக்கிட்டே போவீங்கன்னு கேட்டுச்சு. மனுஷன் தலையை ஆட்டி, மறுபடியும் குழாய் போட மூக்கைக் காட்டினாரு.

ஆமா, அவருக்கும் குழாயில இதே பால் மாதிரி சத்துத் தண்ணிதான். சொட்டுச் சொட்டா இறங்கும். பை மாத்துறப்பல்லாம் டேங்க் ஃபுல்லான்னு நர்சுகிட்ட சைகையில கேப்பாரு. செல் ஏத்தின பதினெட்டாம் நாள் ரத்தத்துல வெள்ளை அணு ஏற ஆரம்பிச்சுது. இன்னும் நாலு நாள் கழிச்சு கிச்சனுக்கு போன். டிரைவர் உருளைக்கிழங்கு கேக்குறாராம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நல்லா வேகவச்சு, குழைய மசிச்சு, சூடு ஆறுறதுக்குள்ள கொண்டுபோனேன். மூணு ஸ்பூன் சாப்பிட்டுட்டு, அக்கா, அட்டைப்பெட்டியைத் திங்கிற மாதிரி இருக்குன்னாரு. என் சமையலை யாரும் அப்படித் திட்டினதில்ல, நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதும் இல்ல. நாக்குக்கு ருசி திரும்ப மாசக்கணக்காகும்மா. ஆனா திரும்பிடும். போன மாசம் செக்கப்புக்கு வந்திருந்தாரு, நல்லா தொப்பை போட்டிருக்காரு.

உன் வீட்டுக்காரரா? பாத்தேனே. வாயில அடக்கிக்க ஐஸ் கட்டி கொண்டுபோனேன். பேச முடியலைல்ல, பேப்பரை வாங்கி எழுதிக் காட்டினாரு. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, அதுக்குத்தானே நான் இங்க வந்து உக்காந்தேன். எனக்குக் குழாய் இருக்கு, வெளிய ஒருத்தி ரெண்டு நாளா பட்டினியா உக்காந்திருக்கா, அவளை யாரு பாக்குறதுன்னு எழுதியிருந்தாரு.

அட, அழாதம்மா. இந்தா, உனக்குத்தான் சாப்பாடு கொண்டுவந்தேன், டப்பாவைத் திற. ஆறிடப்போகுது. நீ முழுசா சாப்பிட்டியா இல்லையான்னு நான் போய் அவருகிட்ட சொல்லணும், காத்துக்கிட்டிருக்காரு.