சுவரோரம் விடாத இடைவெளி

"வெயிலடிச்சா அந்தத் தரை வளரும் அண்ணாச்சி" என்று முன் இருக்கைக்காரர் சொன்னதும் என் கவனம் அங்கே போனது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்து. வீடுகளுக்கு வினைல் பலகைத் தரை பதிக்கிறவர் போலும். மடியில் கருவிப் பை இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவருக்கும் அதே தொழில்தான்.

"சுவத்தோரம் கொஞ்சம் இடம் விடணும்லா? மேல சுவத்துல ஒரு மரப்பட்டி அடிச்சா அந்த இடைவெளி மறைஞ்சிருமே."

"சொன்னேன். வீட்டுக்காரரு துபாய்ல இருந்து வீடியோவுல பாத்துட்டு, அசிங்கமா இருக்கு, சுவரோட ஒட்டிப் போடுன்னாரு. போட்டுட்டேன்."

"பெறவு?"

"சித்திரை வெயில்ல வளர இடமில்லாம ஹால் நடுவுல தரை மேடு தட்டிருச்சு. அவுக அப்பா கால் தடுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிஞ்சு கெடக்காரு. இப்ப எல்லாத்தையும் பிரிச்சுப் போடத்தான் போறேன்."

"நீ சொல்லத்தான செஞ்ச. ஒம் மேல என்ன தப்பு?"

"தெரிஞ்சே போட்டேன்லா."

முன் இருக்கைக்காரர் கருவிப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நேத்து ஆஸ்பத்திரில அவுக அப்பாவப் போய்ப் பாத்தேன். ஏசுவாருன்னு நெனச்சேன். 'நீ வேலைய நல்லாத்தான் செஞ்ச தம்பி, நாந்தான் பாத்து நடக்கல'ன்னு சொல்லுதாரு."

"நீ என்னலே சொன்ன?"

"ஒடம்பப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."