ஊசிக்கு முந்தைய நாளின் ஆறு கேள்விகள்

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. நான் படிப்பேன். அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. பதினெட்டு வருடங்களாக மருந்துத் தாள்களை மட்டுமே திருத்துகிறேன். ஒரு புள்ளி இடம் மாறினாலும் ஆள் போய்விடுவான் என்று மேலாளர் சொல்வார். என் மேசையைத் தாண்டி அப்படி ஒரு புள்ளிகூட நகர்ந்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. கவனக்குறைவினால் நடந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

வீட்டில் நானும் அக்காவும்தான். அவள் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவள். பார்த்தால் தூசு என்று ஊதிவிடத் தோன்றும் திருகாணிகளை இடுக்கியால் எடுத்து அதனதன் குழியில் உட்கார வைப்பாள். இடது கண் முன்பே போய்விட்டது. வலது கண்ணை நம்பித்தான் கடை. போன வருடம் ஒரு வாடிக்கையாளரிடம், "உங்க முள்ளு வளைஞ்சிருக்கு" என்றாள். முள் நேராகத்தான் இருந்தது.

விழித்திரையில் ரத்தக்குழாய் கசிகிறது, மாதம் ஓர் ஊசி வீதம் கண்ணுக்குள் போட வேண்டும், நாள் தவறினால் தழும்பு விழுந்துவிடும் என்றார் மருத்துவர்.

"கண்ணுக்குள்ளயா?" என்றேன்.

"பின்ன, காதுக்குள்ளயா போடுவாங்க?" என்றாள் அக்கா.

முதல் ஊசியின்போது நான் கூடவே நின்றேன். கண்ணை மரத்துப்போக வைக்கச் சொட்டு மருந்து விட்டார்கள். பழுப்பு மருந்தால் கழுவினார்கள். இமையை ஒரு மெல்லிய கம்பியால் விலக்கிப் பிடித்து, மேலே பார்க்கச் சொன்னார்கள். மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. மயங்கி விழுந்தது நான்தான். அவள்தான் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். "இவனுக்கு ஒரு கட்டில் போடுங்க சிஸ்டர், பாவம்" என்றாள்.

நல்ல மருத்துவமனை ஐயா. ஒவ்வொரு ஊசிக்கும் முந்தைய நாள் செவிலியர் தொலைபேசியில் கூப்பிட்டு ஆறு கேள்விகள் கேட்பார். கண் சிவந்திருக்கிறதா, பீளை தள்ளுகிறதா, இமையில் கட்டி உண்டா, காய்ச்சல் உண்டா, இப்படி. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் ஊசி தள்ளிப்போகும். கிருமி உள்ளே போனால் கண்ணே போய்விடும் என்பதால் அந்த ஏற்பாடு. தொலைபேசியில் எண்கள் அக்காவின் கண்ணுக்குத் தெரியாததால் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம்.

இனி நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கொஞ்சம் படித்துவிட்டு வைத்திருந்தது, ஏதோ பனி நாட்டுக் கடல் கதையின் மொழிபெயர்ப்பு. கண் மங்கிய பிறகு, சாயங்காலம் அவள் கடை மூடி வந்ததும் நான் ஆரம்பத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். முப்பத்து நாலாம் பக்கத்தில் கப்பல் தலைவன் மூழ்கிச் செத்துப்போகிறான். மிச்சம் ஐந்நூறு பக்கமும் அவனுடைய உயிலைப் பற்றி வக்கீல்கள் பேசுகிறார்கள்.

முப்பத்து மூன்றாம் பக்கம் முடிந்ததும், "இதுவரைக்கும்தான் நான் படிச்சேன். அப்புறம் தூக்கம் வந்துடுச்சு. நீ வாசி" என்றாள்.

நான் வாசித்தேன். அவனைச் சாகவிட மனம் வரவில்லை. "அது கனவு" என்று ஒரே வரியில் கரையேற்றினேன். பனிப்பாறை மேல் ரொட்டிக் கடை வைக்கச் செய்தேன். கலங்கரை விளக்கக்காரியைக் கட்டி வைத்தேன். ஒரு கடல்நாயைக் கொண்டுவந்து அதற்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தேன். சத்தத்துக்காக அவ்வப்போது பக்கங்களையும் புரட்டுவேன்.

வாழ்க்கை முழுக்க அடுத்தவர் வரியில் கை வைக்கக் கூடாது என்று இருந்தவன் நான். அக்கா கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அந்தக் கடல்நாய் இன்னிக்கு என்ன பண்ணிச்சு?" என்பாள். அது எனக்குள் எங்கே போய் உட்கார்ந்தது என்று உங்களுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை.

முதல் ஊசி நன்றாக வேலை செய்தது. மூன்றாம் வாரம் மேசையிலிருந்த புத்தகத்தின் பெயரைத் தடவித் தடவி, ஆனால் கண்ணால், படித்துவிட்டாள். "இன்னொரு ரெண்டு ஊசி போட்டா நானே படிச்சுக்குவேன்டா. உனக்கு விடுதலை" என்றாள்.

இரண்டாவது ஊசிக்கு முந்தைய நாள் அவள் இமையில் உண்மையாகவே ஒரு கட்டி இருந்தது. செவிலியர் கேட்டார், இருக்கிறது என்றேன். தள்ளிப்போட்டார்கள். அந்தச் சில வாரங்களில் ரொட்டிக் கடைக்கு ஒரு கிளை திறந்தது.

அடுத்த முறை காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை. ஆனால் கை கொஞ்சம் சூடாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது. சந்தேகம் இருந்தால் தெரிவிக்கவும் என்றுதான் எல்லாத் தாள்களிலும் அச்சடிக்கிறோம். மருத்துவமனையில் கூட்டம், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள் என்று அவளிடம் சொன்னேன்.

அதற்கடுத்த முறை தானே மருத்துவரிடம் நேரில் போய்க் கேட்பதாக முந்தைய நாளே சொல்லிவிட்டாள். கண் சிவப்பாக இருந்தால்தான் நிறுத்துவார்கள். அவள் தலையணை உறையில் சோப்புத் தண்ணீர் தடவி உலர்த்தினேன். குழந்தைகளுக்கு விற்கும் சோப்பு ஐயா. நான் முரடன் இல்லை. உறையை மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் கண் சிவந்தது, ஒவ்வொரு தடவையும் அவர்கள் பத்திரமாகத் தள்ளிப்போட்டார்கள்.

"எனக்குன்னு பார்த்து ஏன்டா இப்படி?" என்று ஒருநாள் அழுதாள். அன்று கடல்நாயை ஜெயிக்க வைத்தேன். சிரித்துவிட்டாள்.

ஐந்தாம் மாதம் அவளுடைய பக்கத்துக் கடைக்காரி, மூக்குக் கண்ணாடி விற்பவள், என்னைக் கேட்காமல் அவளை அழைத்துப் போய்விட்டாள். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார். நடுவில் தழும்பு விழுந்துவிட்டது, இனி ஊசி போட்டுப் பயனில்லை என்றிருக்கிறார். ஏன் இத்தனை முறை தள்ளிப்போனது, ஒருமுறை காய்ச்சல் என்றுகூடத் தொலைபேசியில் சொன்னீர்களே என்றும் கேட்டிருக்கிறார்.

நான் வேலையிலிருந்து திரும்பியபோது இருவரும் கூடத்தில் இருந்தார்கள். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கண்ணாடிக் கடைக்காரி அந்த நாவலை எடுத்து, அடையாளம் வைத்த இடத்திலிருந்து வாசித்திருக்கிறாள். அடையாளம் முப்பத்து மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். என் முகம் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தாள்.

"டேய். அந்த ஆளு அப்பவே செத்துட்டானாமே."

"ஆமாக்கா."

"கடல்நாய்?"

"அது இல்லக்கா."

"காய்ச்சல்?"

அவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, தன் தலையணையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கண்ணாடிக் கடைக்காரிதான் உங்களைக் கூப்பிட்டாள்.

ஆக, செய்தது நான்தான். அவள் கண்ணை நான் தொடவே இல்லை, ஆனாலும் எடுத்தது நான்தான். மறுப்பதற்கில்லை. உங்கள் எழுத்தர் எழுதியதில் நாலு சந்திப் பிழை இருந்தது, திருத்திவிட்டேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த வாக்குமூலம் எப்படியும் அவளுக்குத் தெரிய வேண்டும், அவளால் படிக்க முடியாது. வேறு யாராவது வாசித்தால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது. என்னையே ஒருமுறை அனுப்புங்கள், நான் வாசித்துக் காட்டுகிறேன். அவள் மனம் நோகும்படி இருக்கிற இரண்டொரு இடத்தை மட்டும் மாற்றிக்கொள்வேன்.