நசுங்காத எலுமிச்சம்பழம்

சத்தியமங்கலம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் இடது கையில் மாவுக்கட்டு. புளியம்பட்டி தாண்டியதும் அவள் சொன்னாள்:

“எங்க ஊட்டு ஜீப்பு முன்னால போக ஒரே கியரு, பின்னால போக நாலு. அப்படி ஆக்கிப்போட்டாருங்க்கா எங்க ஊட்டுக்காரரு.”

“அதெப்படி அம்மணி?”

“வண்டிய அரை அடி ஒசத்துனாரு. பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டு சாஞ்சுபோச்சு. பின்சக்கரம் ரெண்டையும் சுத்தவைக்கிற ஆக்சிலைத் தலைகீழா கவுத்து மாட்டுனா நேராயிரும்னு ஊட்டுலயே மாட்டிப்போட்டாரு. சக்கரம் எதிர்ப்பக்கமா சுத்தும்னு யோசிக்கலீங்க.”

“ஓட்டிப் பாக்கலையா?”

“பூசை போடாம எடுக்கக் கூடாதுன்னாங்க எங்க மாமியாரு. நாலு சக்கரத்துக்கும் முன்னால எலுமிச்சம்பழம் வெச்சோம். ஃபர்ஸ்ட் கியர் போட்டாரு. பழம் ஒண்ணுகூட நசுங்கலீங்க.”

“நீ எங்க நின்னே?”

“முன்னால நின்னா ஆபத்துன்னு என்னையப் பின்னால நிக்கச் சொன்னாருங்க.”

மூத்தவள் மாவுக்கட்டைப் பார்த்தாள்.

“இப்ப சரி பண்ணிட்டாரா?”

“பண்ணிப்போட்டாரு. நாளைக்கு மறுபடி பூசைங்க.”

“அப்புறம் நீ எங்க கிளம்பிட்டே?”

“பூசை முடியட்டும்னு எங்கம்மா ஊட்டுக்குங்க.”