நடுவில் விழுந்த குண்டு

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். லட்சுமணனை லாக்கப்பில் வைத்துவிட்டு எனக்கு நாற்காலி போட்டு உபசரிக்கிறீர்கள். அது சரியில்லை என்று சொல்லத்தான் கூடுவாஞ்சேரியிலிருந்து பஸ் பிடித்து வந்தேன்.

எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தைப் பார்த்திருப்பீர்கள். கடப்பாக்கம் சவுக்குத் தோப்புக்குப் பின்னால், மணல்மேட்டில் நட்ட ஒரு பலகை. அதில் ஒட்டும் தாளில் விழுந்த ஓட்டைகள் நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று அளப்பது என் வேலை. அளந்தவனே துப்பாக்கியில் குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திருகி, விலகலைச் சரிசெய்து கொடுப்பது எங்கள் வழக்கம். சுடுகிறவர்கள் அதைத் திரும்பச் சோதித்துப் பார்ப்பதில்லை.

நானும் சுடுவேன். சுடுவேன் என்பது கொஞ்சம் அதிகம். லட்சுமணனின் குண்டுகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும். என்னுடையவை தாள் முழுக்கத் தனித்தனிக் குடித்தனம் நடத்தும். ஆனால் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அச்சாக நடுப்புள்ளி வரும். ஒரு குண்டுகூட அங்கே போகாமலேயே நான் துல்லியமானவன். தொண்ணூற்றெட்டாம் வருஷத்துச் சங்க ஆண்டுவிழாவில் இதை மேடையேறி விளக்கினேன். அவ்வளவு புத்திசாலி நான்.

செயலாளர் கோதண்டராமன் என் தாளைப் பிடுங்கி மைக்கில் கேட்டார். "இன்னா சார் இது, கோலத்துக்குப் புள்ளி வெச்சிகினு கீறியா?"

நல்ல கிண்டல்தான். எனக்கே சிரிப்பு வந்தது. என் மனைவி கல்யாணியும் சிரித்தாள். அதுதான் வலித்தது. அன்று முதல் நான் போனாலே, "கோலம் சார் வந்துட்டாரு" என்பார் செயலாளர்.

கோதண்டராமனுக்கு ஒரு வீம்பு. லட்சுமணன் சுடும்போது மட்டும் பலகைக்குப் பக்கத்திலேயே, தாளின் நடுவிலிருந்து இடப்புறம் ஒரு முழம் தள்ளி நிற்பார். "நம்ம லட்சுமணன் குண்டு வழி தப்பாது நைனா" என்பார். அந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை லட்சுமணன் புது ஸ்கோப் மாட்டிக்கொண்டு வந்தான். சுட்டதெல்லாம் வலப்பக்கம் ஒரு விரல் தள்ளி, ஒரே கொத்தாக விழுந்தது. இடப்பக்கம் ஒரு விரல் அளவு திருகியிருந்தால் போதும். நான் அதோடு ஒரு முழத்தையும் சேர்த்துத் திருகினேன்.

"சரியாயிடுச்சுப்பா, அடி" என்று கொடுத்தேன். "தேங்க்ஸ் சார்" என்றான், பாவம்.

கோதண்டராமனைப் பயமுறுத்தத்தானே நினைத்தீர்கள் என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. இல்லை சார். அவர் நிற்கும் இடத்தையும் உயரத்தையும் முந்தின வாரமே அளந்துவிட்டேன். குண்டு இடது கண்ணுக்கு மேலே பாய்ந்ததாக உங்கள் ஏட்டு சொன்னார். நான் குறித்ததும் அந்த இடம்தான்.

நிரபராதி ஒருவன் உள்ளே கிடக்கிறானே என்றுதான் வந்தேன், வேறொன்றுமில்லை. அவனை விட்டுவிடுங்கள். என் வாழ்நாளில் நடுவில் விழுந்த ஒரே குண்டு சார் அது. அதைப் போய் அவன் பேரில் எழுதிவிட்டீர்களே.