ஓட்டிப் பார்த்துப் போட்ட மார்க்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மெக்கானிக் ஜான் பாஷா பாய் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜெயபுஷ்பம் அண்ணி அவர்களே! தோல் டேனரியில் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே! வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வாலாஜாபேட்டை என்று நாலா பக்கமிருந்தும் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கும் நண்பர்களே! உங்கள் எல்லாருக்கும் குடியாத்தம் செங்கல்வராயனின் வணக்கம்.

சற்றுமுன் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காத்தோம். வெளியே யாரோ ஒரு புண்ணியவான் அவசரத்தில் வண்டியை அணைக்காமல் விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அந்த இரண்டு நிமிடமும் நீங்கள் அவரை நினைத்தீர்களா, அந்த வண்டி எஞ்சினுக்குள் டேப்பட் லூஸாகித் தட்டுகிற சத்தத்தைக் கேட்டீர்களா? நான் சத்தத்தைத்தான் கேட்டேன். கேட்டதால்தான் அவரை நினைத்தேன். அவர் மட்டும் இங்கே இருந்திருந்தால், மௌனமாவது மண்ணாங்கட்டியாவது என்று முதல் ஆளாக வெளியே போய் அந்த வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்.

அவர்தான் நம் சுந்தர்ராஜ். ஆம்பூரின் செலக்‌ஷன் மேஸ்திரி சுந்தர்ராஜ். பாலாற்று மணலிலும் ஏலகிரி மலையின் பதினான்கு வளைவுகளிலும் ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையும் நல்ல வண்டி என்று சொல்லாத சுந்தர்ராஜ். வாழ்நாள் பூராவும் மோட்டார் சைக்கிள் மேலேயே இருந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது போய்விட்டார். இரண்டு வாரம் ஆகிறது. நாற்காலியை அவர் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார். அதுதான் கோளாறு.

சிரியுங்கள். அவரைக் கட்டிக்கொண்ட அண்ணியே சிரிக்கிறார்கள். அழுகிற கூட்டம் நடத்தினால் அவருக்குப் பிடிக்காது.

அவருடைய தொழிலை உங்களில் பாதிப் பேர் அறிவீர்கள். பதனிட்ட தோல் மேஜைமேல் வந்து விழும். வெளிச்சத்தில் விரிப்பார், உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார், மடித்து ஒரு அழுத்து அழுத்துவார். சட்டைப் பையிலிருந்து நீலச் சாக்பீஸை எடுத்து ஓரத்தில் ஒரு மார்க் போடுவார். ஒன்று, இரண்டு, மூன்று. எதற்கும் உதவாது என்றால் ஆர். ஆர் என்றால் ரிஜெக்‌ஷன். அந்த ஆர் விழுந்துவிட்டால் முதலாளி வந்து கெஞ்சினாலும் அது அழியாது. கடல் கடந்து தோல் வாங்குகிறவர்கள் அந்த நீல மார்க்கை நம்பித்தான் பெட்டியைப் பிரிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள்.

அதே சாக்பீஸ்தான் மோட்டார் சைக்கிளுக்கும். இந்த வட்டாரத்தில் யார் பழைய வண்டி வாங்கினாலும் முதலில் அவரிடம் கொண்டுவருவார்கள். பின் சீட்டில் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு முதலில் ஆற்று மணலில் இறக்குவார். அப்புறம் ஏலகிரி ஏறுவார். இறங்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் நடு வளைவில் பிரேக் அடிப்பார். இதனாலேயே ஜெயபுஷ்பம் அண்ணி கல்யாணமான முதல் வருஷத்தோடு அவர் வண்டியில் ஏறுவதை நிறுத்திவிட்டு, இன்றுவரை பஸ்ஸில்தான் போகிறார்கள். திரும்பி வந்து ஒரு டீ குடித்துவிட்டு, பெட்ரோல் டேங்க்கின்மேல் மார்க் போடுவார். வாங்கினவன் ஒரு வாரம் வண்டியைத் துடைக்காமல் அந்த ‘ஒன்று’ தெரியும்படி ஊரைச் சுற்றுவான்.

அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை தப்பாக மார்க் போட்டார். அந்தத் தப்பு இதோ உங்கள்முன் நொண்டிக்கொண்டு நிற்கிறது!

எழுபத்து நான்காம் வருஷம். லுங்கி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் விற்க நான் வாலாஜாபேட்டையில் ஒரு பழைய வண்டி பார்த்திருந்தேன். கொண்டுவந்து டேனரி வாசலில் நிறுத்தினேன். அன்றைக்குச் சரக்கு கப்பலுக்குப் போகிற அவசரம். மேஜைமேல் தோல் மலையாகக் குவிந்திருக்கிறது. எனக்கோ அதைவிட அவசரம். சுந்தர்ராஜ் அண்ணன் வெளியே வந்தார். பளபள என்று புதுப் பெயின்ட். தோலைப் பார்க்கிற பழக்கத்தில் டேங்க்கை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். சீட்டைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். ‘ஒன்று’ என்று போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டார்.

மூன்றாம் நாள் பள்ளிகொண்டா தாண்டும்போது முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் முறிந்தது. ஏற்கெனவே முறிந்து ஒட்டவைத்த இடம். அந்த ஒட்டுக்கு மேல்தான் அந்தப் புதுப் பெயின்ட். லுங்கி மூட்டைகள் சாலை பூராவும் சிதறின. நானும் அவற்றோடு ஒரு மூட்டையாக விழுந்து கிடந்தேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் கால் முழுக்க மாவுக்கட்டு. அண்ணன் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “தோலுக்கு எல்லாம் முகத்துலயே எழுதியிருக்கும், செங்கல்வராயா. வண்டிக்கு அப்டி இல்ல. ஓட்டாம மார்க் போட்டுட்டேன்.” சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து நீலச் சாக்பீஸை எடுத்து என் மாவுக்கட்டின்மேல் பெரிதாக ஒரு ஆர் போட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் காலை ரிஜெக்ட் பண்ணுகிறீர்களா என்று கேட்டேன். “அது உனக்கு இல்லடா. எனக்கு,” என்றார்.

தன் தப்பை இன்னொருவன் காலின்மேல் எழுதிவைத்து ஊரே படிக்கும்படி விட்ட மனிதரை நீங்கள் வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நாற்பது நாள் அந்த ஆரோடு படுத்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு, பாவம் இனி நடக்கவே முடியாதாம் என்று என் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள். அது வேறு பேஜார்.

ஆனால் நான் இன்று சொல்ல வந்தது அந்தக் கதை அல்ல. எண்பத்து நான்காம் வருஷம் நடந்ததைச் சொல்ல வந்தேன்.

பத்து வருஷமாக நம் டேனரியில் தோல் வாங்குகிற ஜெர்மன்காரர் ஒருவர் அந்த வருஷம் விமானத்தில் வராமல் மோட்டார் சைக்கிளிலேயே வந்து இறங்கினார். அந்த வண்டியைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எண்ணூறு சி.சி. இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கிற சிலிண்டர். செயின் கிடையாது. எருமைக்கன்று அளவுக்குப் பெட்ரோல் டேங்க். பாலைவனமும் பனிமலையும் தாண்டி வந்த வண்டி, ஆம்பூர் பஜாரில் வந்து நின்றபோது பஸ் டிரைவர்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்கள்.

ஊர் திரும்பும்போது அந்த வண்டியை ஜவ்வாது மலை மருத்துவக் குழுவுக்குத் தானமாகக் கொடுப்பதாக அவர் சொன்னார். மலையில் அப்போது ஒரே நர்ஸ்தான், ஜெபராணி அம்மா. இருபது குக்கிராமத்துக்கும் நடந்தே போய்க்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை விழா, மாலை, போட்டோகிராபர் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. பாக்கி இருந்தது சுந்தர்ராஜ் மார்க் மட்டும். முதலாளி கூப்பிட்டு, “ஒண்ணு போட்டுடு சுந்தர்ராஜ். கஸ்டமர் மனசு கோணக் கூடாது,” என்றார். மருத்துவக் குழுவின் டாக்டர் அதற்கும் மேலே போய், வண்டி பாஸானால் நர்ஸை ஏற்றிக்கொண்டு மலையெல்லாம் ஓட்டப் போவது நீங்கள்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

தோழர்களே, அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. ஒரு பெரிய வண்டியை ஒரு முறையாவது மலையில் ஓட்டவேண்டும் என்பதுதான் அவர் ஆசை. இப்போது அதே வண்டி, வாரா வாரம், சாகிறவரைக்கும்! நீலச் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தால் போதும். நீங்களும் நானும் என்றால் என்ன செய்திருப்போம்? வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே இழுத்திருப்போம்.

புதன்கிழமை காலை, பின் சீட்டில் நான். ஆற்று மணலில் இறக்கினார். நம் வண்டிகள் புதைந்து நிற்கிற இடத்தில் அது தார் ரோட்டில் போவதுபோலப் போனது. நெடுஞ்சாலையில் நூறைத் தொட்டார். குனிந்து பார்த்தேன், என் வேட்டி நுனிதான் ஆடியதே தவிர வண்டி ஆடவில்லை. ஆலங்காயம் தாண்டி மலை ஏறும்போது, ஒவ்வொரு வளைவிலும் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. வண்டியில் குறை சொல்கிறார் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால் மனிதர் பாடுகிறார்! இருபது வருஷப் பழக்கத்தில் அவர் பாடி நான் கேட்டதே இல்லை. நல்லவேளை, அதற்கப்புறமும் கேட்கவில்லை. வளைவு நடுவில் பிரேக் அடித்தார். கடிவாளத்தை இழுத்த குதிரை மாதிரி நின்றது. “இன்னா வண்டிடா இது,” என்றார்.

மலைமேல், தார் ரோடு முடிந்து குக்கிராமத்துக்குப் பிரிகிற சேறான செம்மண் பாதையில் ஜெபராணி அம்மா காத்திருந்தார். அவரை எழுந்து நிற்கச் சொல்கிறேன். வெட்கப்படாதீர்கள் அம்மா. பார்த்தீர்களா? ஐந்தடி இருப்பாரா?

அண்ணன் வண்டியை நிறுத்தினார். இறங்கினார். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அந்த அருமையான வண்டியைத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல மெதுவாகச் சேற்றில் சாய்த்துக் கிடத்தினார்! எனக்கு உயிரே போய்விட்டது. “தூக்கும்மா,” என்றார். அந்த அம்மா ஹேண்டிலைப் பிடித்து இழுத்தார். முதுகைக் கொடுத்து முட்டினார். சேற்றில் வழுக்கி உட்கார்ந்தார். வண்டி அசையவில்லை. கடைசியில் அவர், நான், அண்ணன் என்று மூன்று பேர் சேர்ந்து தூக்கினோம். நான் அரை ஆள் என்பதால் இரண்டரைப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துப் பாறையில் போய் அண்ணன் உட்கார்ந்தார். வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு சாக்பீஸை எடுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். “அண்ணா, நீங்கதான ஓட்டப் போறீங்க. உங்களுக்குத் தூக்கத் தெம்பு இருக்குதே. ஒண்ணு போடுங்க,” என்று கெஞ்சினேன்.

அவர் சொன்னார்: “நான் இருக்கிற வரைக்கும் நான் ஓட்டுவேன். நான் போய்ட்டப்புறம் பிரசவ வலின்னு ஆள் வந்தா, இந்தம்மா இன்னா பண்ணும்?”

டேங்க்கின்மேல் ஆர் போட்டார். இறங்கும்போது அவர் பாடவில்லை.

வெள்ளிக்கிழமை விழாவில், டேங்க்கின்மேல் போட்டிருந்த மாலையைத் தூக்கிப் பார்த்த ஜெர்மன்காரர் கண்ணில் ஆர் பட்டது. முதலாளி முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் தன் டேனரி இங்கிலீஷில் சொன்னார்: “மெஷின் ஃபர்ஸ்ட் குவாலிட்டி சார். திஸ் ஹில், திஸ் சிஸ்டர், ரிஜெக்‌ஷன் சார்.” ஒரு நட்டு கழன்றால்கூட மாற்று நட்டு இந்தியாவில் கிடைக்காது என்று ஜான் பாஷா பாய் துணைக்குக் கையை விரித்துக் காட்டினார். ஜெர்மன்காரர் அந்த ஆரை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, பத்து வருஷமாக உன் மார்க்கை நம்பித் தோல் வாங்கினேன், வண்டிக்கு மட்டும் நம்பாமல் இருப்பேனா என்று கேட்டுச் சிரித்தார். பெரிய வண்டி கப்பலேறி ஊருக்குப் போனது. பதிலுக்கு அவர் வாங்கிக் கொடுத்தது ஒரு சின்ன வண்டி. ஜான் பாஷா பாய் ஆற்றில் ஓட்டப் பழக்கினார். ஜெபராணி அம்மா நான்கு முறை விழுந்தார். நான்கு முறையும் தானே தூக்கினார். நாலாவது முறை தூக்கியதும் அண்ணன் ‘ஒன்று’ போட்டார்.

இனி நான் சொல்லப்போவது இன்று மாலை இந்த வாசலில் கேள்விப்பட்டது. அண்ணனை அடக்கம் பண்ணி எட்டாம் நாள். மலையில் ஐப்பசி மழை. எல்லம்மா என்கிற பெண்ணுக்குப் பிரசவ வலி என்று ஆள் ஓடிவருகிறது. ஜெபராணி அம்மா கிளம்புகிறார். ஓடையைக் கடக்கையில் வண்டி சாய்ந்து தண்ணீரில் விழுகிறது. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. ஓட்டுகிறேன் என்று சொன்ன சுந்தர்ராஜும் இல்லை. தனியாளாக வண்டியைத் தூக்கி நிறுத்தி, உதைத்துக் கிளப்பி, போய்ச் சேர்ந்தார். தாயும் பிள்ளையும் நலம். “அண்ணன் சொன்னாரே, நான் போய்ட்டப்புறம்னு. தூக்கறப்போ அதான் நெனச்சேன்,” என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார்.

நண்பர்களே, இதைவிட ஒரு மனிதரைப் பற்றி என்ன சொல்ல? நாம் இன்று ஒரு சபதம் எடுப்போம். ஜான் பாஷா பாய் மார்க் போடட்டும், நான் பின் சீட்டில் உட்காருகிறேன், நடு வளைவில் பிரேக் அடித்தாலும் சரி. யார் கெஞ்சினாலும், யார் முதலாளியானாலும், நமக்கே ஆசையாக இருந்தாலும், ஓட்டிப் பார்க்காமல் மார்க் போடமாட்டோம். ஓட்டுகிறவன் யார் என்று கேட்காமலும் போடமாட்டோம்.

கடைசியாக ஒரு காரியம் பாக்கி. அண்ணன் சட்டைப் பையிலிருந்த சாக்பீஸை அண்ணி இன்று என்னிடம் கொடுத்தார்கள். இது, பதின்மூன்று வருஷமாக என் பெட்டியில் இருக்கிற மாவுக்கட்டுத் துண்டு. அழிந்துபோகக் கூடாதென்று நானே அந்த ஆரின்மேல் பேனாவால் எழுதிவைத்தேன். சுந்தர்ராஜுக்கு சுந்தர்ராஜ் போட்ட மார்க். அவர் போட்ட மார்க்கை இதுவரை யாரும் அழித்ததில்லை. நான் அழிக்கப் போகிறேன்.

இதோ, அந்தச் சாக்பீஸால் ஆரைக் குறுக்கே அடித்துவிட்டேன். பக்கத்தில் ‘ஒன்று’ போடுகிறேன். தடவிப் பார்த்துப் போடவில்லை அண்ணா. பதின்மூன்று வருஷம் உன் பின்னால் உட்கார்ந்து, ஓட்டிப் பார்த்துத்தான் போடுகிறேன்.