தேய்மானத்துக்குப் பணம் கிடையாது

ஒரு பாட்டை முழுதாகத் தின்று ஏப்பம் விட்டவன் இந்த உலகத்திலேயே நான் ஒருவன்தான், மேடம். பல்லவியில் கை வைத்தேன், கடைசிச் சரணம் முடிந்துதான் கையைக் கழுவினேன். எலும்புகூட மிச்சமில்லை.

சிரியுங்கள், பரவாயில்லை. பேனாவை மட்டும் மூடிவிடாதீர்கள். கண்ணாடிக் கடைக்காரர் வீட்டு இசைத்தட்டு ஒன்று ஏன் பாடவில்லை என்று விசாரிக்கத்தானே இன்சூரன்ஸ் கம்பெனி உங்களை அனுப்பியிருக்கிறது? போன மாதம் அவருடைய தட்டுகளுக்கெல்லாம் மதிப்புப் போட்டுப் பாலிசிக்கு ஏற்பாடு செய்தவன் நான். சரியான வாசலுக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

உங்கள் நாற்காலியில் முப்பது வருஷம் உட்கார்ந்து அதைத் தேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். என்னைப் போல ஒரு சர்வேயர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எரிந்துபோன கிடங்கின் வாசலில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்தால் போதும். எந்த அலமாரியில் துணி இருந்தது, எதில் வெறும் அட்டைப்பெட்டி இருந்தது என்று சொல்லிவிடுவேன். ஒரு முறை சாம்பலைப் பார்த்தே, கொளுத்தினது முதலாளியின் மச்சான்தான் என்று சொன்னேன். மச்சான் அங்கேயே மயங்கி விழுந்தான். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், விழவில்லை, உட்கார்ந்தான்.

கண்ணாடிக் கடைக்காரர் எனக்கு என்ன உறவு என்று கேட்டீர்கள். என் மனைவியின் அத்தை மகன். மூக்குக்கண்ணாடி விற்கிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று ஒரு தயக்கம். முறைப்படி நானும் அவரும் அண்ணன் தம்பி. என் மனைவிக்கு அவர் அத்தான். எத்தனையோ வீடுகளில் 'அத்தான்' என்று கூப்பிட்டால் புருஷன் திரும்பிப் பார்ப்பான். எங்கள் வீட்டில் அந்தப் பதவிக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது, காலியிடம் கிடையாது. எனக்குக் கிடைத்தது 'என்னங்க'. பால்காரரையும் அவள் அதே 'என்னங்க' போட்டுத்தான் கூப்பிடுவாள்.

மாதத்தில் ஒரு சாயங்காலம், "அத்தானப் பாத்துட்டு வரேன்" என்று கிளம்பிப் போவாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். வரும்போது விருந்து சாப்பிட்டுவிட்டு வந்த முகமாக இருக்கும். மற்ற நாளெல்லாம் கோழி கொத்துகிற மாதிரி சாப்பிடுகிறவள், அன்றைக்கு மட்டும் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்வாள். அங்கே என்ன செய்தீர்கள் என்றால், "பாட்டு கேட்டோம்" என்பாள். அதற்கு மேல் அந்தத் தொண்டையில் வராது. சில வருஷம் முன்பு ஒரு கட்டி வந்து ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தாள், குரல் பிழைக்கவில்லை. பேசினால் காகிதம் கசங்குகிற சத்தம்தான் வரும்.

பொறாமை என்று எழுதிக்கொள்கிறீர்கள். எழுதுங்கள். நான் அதை அக்கறை என்பேன்.

சரி, பாலிசிக்கு வருகிறேன். அவர் இருப்பது வாடகை வீடு. மாடிக்காரர் குழாயைத் திறந்து போட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார். தண்ணீர் சுவர் வழியாக இறங்கி, தட்டுகள் அடுக்கியிருந்த இரும்பு அலமாரிக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. மனுஷன் ஆடிப்போய் என்னிடம் ஓடி வந்தார். வீட்டுக்காரன் எடுத்திருக்கும் பாலிசி சுவருக்குத்தான், உள்ளே இருக்கும் சாமானுக்கு வாடகைக்கு இருப்பவர்தான் தனியாக எடுக்க வேண்டும் என்று விளக்கினேன். அதிலும் சும்மா எடுத்தால் அவருடைய அபூர்வத் தட்டெல்லாம் கட்டில், பீரோவோடு சேர்ந்து பொதுவாக 'வீட்டுச் சாமான்' ஆகிவிடும். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, தனி மதிப்புப் போட்டுச் சேர்க்க வேண்டும். தீ, தண்ணீர், திருட்டு, உடைசல். நாலு வாசலையும் நானே நின்று பூட்டிக் கொடுத்தேன். அந்த வேலையில் ஒரு குறை கண்டுபிடியுங்கள் பார்ப்போம்.

மதியம் அவர் கடைக்குப் போய்விடுவார். சாவி என்னிடம் இருந்தது. திரை போட்ட அந்த அறையில், தட்டுகளை விளிம்பைப் பிடித்துத் தூக்கவும், கண்ணாடி துடைக்கிற துணியால் துடைக்கவும், ஊசியைக் குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி இறக்கவும் அவரே பழக்கிக் கொடுத்திருந்தார். அப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்தபோதுதான், பேரும் ஊரும் ஒட்டாத ஒரு தட்டு கையில் வந்தது. சாயங்காலம் அவர் திரும்பியதும் கேட்டேன்.

"இதுக்கு எவ்வளவு போடட்டும்ணே?"

"அத விடுங்க தம்பி. அதுக்கெல்லாம் விலை போட முடியாது."

"பாலிசில விலை இல்லாத சாமான்னு ஒண்ணு கிடையாதுண்ணே. யார் பாடினது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"உங்க வீட்டுல பாடினதுதான். கல்யாணத்துக்கு முன்னாடி. பொருட்காட்சில ஒருத்தன் கடை போட்டிருந்தான். பாடினா அங்கயே தட்டுல வெட்டிக் குடுப்பான். நாங்க ஒரு கும்பலாப் போனோம். எல்லாரும் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாங்க, இவதான் போய் நின்னா."

"அதைத்தான் மாசாமாசம் வந்து கேக்கறாளா?"

"ஒரே ஒரு தடவ ஓட்டுவோம். இது மத்ததுங்க மாதிரி இல்ல தம்பி, மேல வெறும் பூச்சு. ஊசி பட்டாலே கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும். அவதான் சொன்னா, சிக்கனமா கேப்போம் அத்தான், நான் இருக்கற வரைக்கும் வந்தாப் போதும்னு."

போனில் பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"நானும் சொல்லிப் பாத்தேன். வேண்டவே வேண்டாம்னுட்டா. போன்ல ஏறினா வீட்டுக்கு வந்துடும், அவருக்குப் பாட்டுன்னா ஆகாதுன்னா." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எனக்குப் பாட்டு ஆகாது என்பது அபாண்டம். கல்யாணமான புதிதில் ஒரு காலையில் துணி மடித்துக்கொண்டே அவள் ஏதோ பாடினாள். நான் ஆபீஸ் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வாயை மூடு என்றேன். அந்த ஒரு தடவைதான். அதற்கப்புறம் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. சொன்ன பேச்சு கேட்கிறவள்.

மறுநாள் மதியம் அந்தத் தட்டை ஓட்டினேன். மதிப்பீட்டுக்காகத்தான். கேட்காமல் எப்படி மதிப்புப் போடுவது? பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிற மழைப் பாட்டு. குரல் எப்படி இருந்தது என்றால், புதுத் துணியைக் கிழிக்கும்போது ஓரம் பிசகாமல் நேராகப் போகுமே, அப்படி. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். இந்தக் குரலோடு ஒருத்தி என் வீட்டுக்குப் புறப்பட்டு வந்திருக்கிறாள், வருகிற வழியில் அதை அவரிடம் இறக்கி வைத்துவிட்டு.

சந்தேகத்துக்கு இன்னொரு தடவை ஓட்டினேன். பிறகு தினமும் ஓட்டினேன். ஒரு தடவை முடிந்து ஊசியைத் தூக்கினபோது அதன் நுனியில் பொட்டுப் போல ஒரு கறுப்புத் தூள் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு எடுத்தேன். நாக்கில் வைத்துக்கொண்டேன். ருசி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அது அவள் பாடின பாட்டு, என் வயிற்றுக்குள் போய்விட்டது, இனி வேறு யாருக்கும் கிடையாது என்று நினைத்தபோது உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. நான் ஆரம்பத்திலேயே சொன்னேன், மேடம்; நீங்கள்தான் சிரித்தீர்கள்.

உடைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு நொடி வேலை. ஆனால் யோசித்துப் பாருங்கள். எரிந்தால் நஷ்டஈடு வரும். திருடு போனால் போலீஸ் வரும், அனுதாபம் வரும். உடைந்தால் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சேர்ந்து அழுவதற்கு ஒரு காரணம் கிடைக்கும். அவர்களுக்கு அதையும் நான் வாங்கிக் கொடுக்க வேண்டுமா? தேய்மானம் வேறு. தேய்மானத்துக்கு எந்தக் கம்பெனியும் பணம் கொடுக்காது. அதுகூடப் பெரிதில்லை. தேய்ந்துபோன சாமானுக்காக யாரும் சேர்ந்து அழ முடியாது. நமக்குத் தெரியாமல் ஓட்டி ஓட்டிக் கேட்டிருக்கிறார் என்று அவள் நினைப்பாள். இவள் நம்மைச் சந்தேகப்படுகிறாளே என்று அவர் நினைப்பார். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அவள் அடுத்த தடவை போவதற்குள் முடித்தாக வேண்டும். கண்ணாடிக் கடைக்காரர் எதையும் தூக்கிப் போடமாட்டார், தேய்ந்த ஊசிகளைக்கூட ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதில் மோசமான ஒன்றை எடுத்து மாட்டினேன். ஊசி பிடித்திருக்கும் தலையின்மேல் ஒரு நாணயத்தை வைத்தேன். பாரம் கூடினால் வேலை சீக்கிரம் நடக்கும். கிளம்பும்போது அவருடைய நல்ல ஊசியைத் திரும்ப மாட்டிவிடுவேன். பிறத்தியார் சாமான் விஷயத்தில் நான் எப்போதும் ஜாக்கிரதை.

"எவ்வளவு பொறுப்பா ஒவ்வொண்ணாப் பாக்கறீங்க தம்பி" என்று அவர் உருகிப்போனார்.

முதலில் பாட்டின் ஓரங்கள் போயின. பிறகு வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பாடுவதுபோல் ஆயிற்று. கடைசி மதியம் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும்தான் வந்தது. எனக்கு அதற்குள்ளும் பாட்டு கேட்டது. அதற்குள் எனக்கு அது மனப்பாடம். தட்டைத் துடைத்து, உறையில் போட்டு, எடுத்த இடத்தில் வைத்தேன். பார்த்தால் ஒரு கீறல் கிடையாது.

அடுத்த வாரம் அவள் போனாள். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள்.

"அது பாடலைங்க" என்றாள். எது என்று எனக்குத் தெரியாது அல்லவா, அதனால் கேட்டேன். சொன்னாள். இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள். "அத்தான் தனியா உக்காந்து ஓட்டியிருக்கார். மாசத்துக்கு ஒண்ணுன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணிட்டு."

"பாவம், ஒண்டிக்கட்டை" என்றேன். "கேக்கணும்னு தோணியிருக்கும்."

அன்று அவளுக்குச் சோறு வேண்டியிருக்கவில்லை. நான் நன்றாகச் சாப்பிட்டேன். அவர் இரண்டு தடவை வந்து வாசலில் நின்றார். அவள் வெளியே வரவில்லை. தலைவலி என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். அதற்கப்புறம்தான் உங்களுக்கு எழுதியிருக்கிறார், பணம் வேண்டாம், ஏன் பாடவில்லை என்று மட்டும் யாராவது பார்த்துச் சொல்லுங்கள் என்று. பாலிசி வைத்திருப்பவர் பணம் வேண்டாம் என்று எழுதி நான் பார்த்ததே இல்லை.

இப்போது வீட்டில் நிம்மதி. அவள் எங்கும் போவதில்லை. பேச்சையும் குறைத்துக்கொண்டாள். தொண்டைக்கு அது நல்லது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

இவ்வளவுதான். தீ இல்லை, தண்ணீர் இல்லை, திருட்டு இல்லை, உடைசல் இல்லை. சாவி கொடுத்து உள்ளே விடப்பட்ட ஒருவன், பாடுவதற்காகச் செய்த தட்டைப் பாட வைத்தான். என்னை எந்தப் பிரிவில் போடுவது என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. நானும் யோசித்தேன். பிரிவே கிடையாது.

பிறகு ஏன் வாயைத் திறந்தாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஒரே ஒரு விஷயத்தை என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை தடவை உட்கார்ந்து கேட்டவர் அவர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கோபமாகத்தான் நினைத்தாள், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தட்டு தேய்கிற அளவுக்குத் தன் பாட்டை ஒருத்தன் கேட்டிருக்கிறான், அது அத்தான் என்று அவள் மனசில் இருந்ததே. அது எப்படி சரியாகும்? கேட்டவன் நான்.

அதனால் நேற்று நீங்கள் வரப்போவதாகப் போன் வந்ததும் சமையலறைக்குப் போய்ச் சொன்னேன். அவள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களா? சும்மா இருங்க" என்றாள். "பக்கத்து வீட்டு ரேடியோவுக்கே சண்டைக்குப் போற ஆளு. நீங்க உக்காந்து பாட்டு கேட்டீங்களாக்கும். அத்தான்மேல பழி வரக் கூடாதுன்னு சொல்றீங்களா?"

அவரைக் காப்பாற்ற நான் பொய் சொல்கிறேனாம். பாருங்கள் மேடம், எங்கே கொண்டுபோய் விட்டாள் என்று.

அங்கேயே நின்று பாடிக் காட்டினேன். எனக்குச் சாரீரம் இல்லை, ஆனால் ஒரு இழை விடவில்லை. இரண்டாவது அடியில் வார்த்தைக்கு நடுவே அவள் மூச்சு வாங்குவாள், நானும் வாங்கினேன். பின்னால் நின்ற கும்பலில் யாரோ களுக்கென்று சிரிக்க, அவளுக்கு ஒரு நூல் சுருதி இறங்கும், உடனே பிடித்துக்கொள்வாள். அதையும் அப்படியே இறக்கி ஏற்றினேன். பாட்டு முடிந்ததும், தட்டு நிற்பதற்கு முன்னால், கடைக்காரனைப் பார்த்து "சரியா வந்துதா?" என்று சாதாரணமாகக் கேட்பாள். அதையும் அவள் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. கிட்டத்தில் வந்து என் வாயையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், உள்ளே எதையோ தொலைத்தவள் மாதிரி.

"ஆமா" என்றாள். "நீங்கதான். ஒண்ணு விடாம கேட்டிருக்கீங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.