கீழ்த்தட்டு விளக்கு

– துணி அறைக்கு நடுவுல லைட் ஒண்ணே ஒண்ணு மாட்டினா போதும்னு சொல்றவங்க யாரும் உள்ள நின்னு சட்டை தேடினவங்க இல்ல, கண்ணு. லைட் முதுகுக்குப் பின்னாடி இருக்கும், நம்ம நிழல் நேரா துணி மேல விழும். கறுப்பு எது, கருநீலம் எதுன்னே தெரியாது. ஒரு கால்ல கறுப்பு சாக்ஸும் இன்னொரு கால்ல நீலமுமா சாவு வீட்டுல போய் நிப்போம். நான் நின்னிருக்கேன். அவ்ளோதான் விஷயம்.

– சத்தமா சொல்லுங்க சில்வியோ. போனை ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன், ஆனா ஜன்னல் மாட்டாத ஓட்டை வழியா இந்தக் கடல் காத்து வந்து பாதியை அள்ளிட்டுப் போயிடுது. டிரென்ட், கேக்குதா?

– கேக்குது கெரின். சாவு வீடு வரைக்கும் வந்துட்டேன்.

– ஏன் குரல் கிணத்துக்குள்ள இருந்து வருது?

– கட்டில்ல குப்புறப் படுத்திருக்கேன். இப்பதான் ஷிப்ட் முடிஞ்சுது. இன்னும் பூட்ஸ்கூடக் கழட்டல. காதுக்குள்ள எல்லாம் செம்மண்ணு. சரி விடு, நீங்க பேசுங்க.

– எழுந்து உக்காரு. தூங்கிடுவ. போன தடவை சமையலறைத் தரைக்கு என்ன கலர்னு கேட்டேன், ஒரு குறட்டை விட்ட. அதை "சரி"ன்னு எடுத்துக்கிட்டேன். இப்ப பாசி பிடிச்ச குளம் மாதிரி பச்சையா கிடக்குது.

– பச்சை நல்லாத்தானே இருக்கு?

– நீ பார்த்தியா?

– போட்டோல பார்த்தேன்.

– கேளுங்க, கேளுங்க. சண்டையை நான் போனப்புறம் வச்சுக்குங்க. நாளைக்குக் காலைல பூச்சு வேலைக்காரங்க வந்துடுவாங்க. செங்கல்ல கோடு வெட்டி வயர் பைப் பதிக்கணும்னா இன்னிக்குத்தான். பூசின சுவரை உடைக்கச் சொன்னா, சில்வியோ செத்துப் போயிட்டான்னு என் மனைவி போன்ல சொல்லுவா.

– இது சண்டை இல்ல சில்வியோ. நாங்க குடும்பம் நடத்தறதே இப்படித்தான். ரெண்டு வாரம் போன்ல, ஒரு வாரம் நேர்ல.

– புரியுது கண்ணு. இந்த பால்டிவிஸ் ஊர்ல பாதி வீடு அப்படித்தான், புருஷன் சுரங்கத்துல. சரி, இந்தத் துணி அறைக்குக் கதவு உண்டா?

– கிடையாது. படுக்கையறையில இருந்து அப்படியே உள்ள நடந்து போயிடலாம்.

– அப்ப உள்ள லைட் போட்டா, கட்டில்ல படுத்திருக்கறவங்க மூஞ்சில அடிக்கும்.

– அதைத்தான் நான் ஆரம்பத்துல இருந்து சொல்றேன் சில்வியோ! மேல நீங்க என்ன வேணா மாட்டுங்க. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். என் பக்கம் கீழ்த்தட்டுக்கு அடியில, தரையை ஒட்டி ஒரு சின்னப் பட்டை லைட். கால் வச்சா தானா எரியணும், வெளிய வந்தா தானா அணையணும். பூட்ஸ் தெரிஞ்சா போதும். கெரின் முழிக்கக் கூடாது.

– பண்ணிடலாம் தம்பி. இதோ, சுண்ணக்கட்டியில குறி போட்டுட்டேன். பைப் இந்த இடத்துல இறங்கும்.

– கீழ லைட் வேண்டாம் சில்வியோ.

– ஏன் கெரின்?

– நாய் ராத்திரி பூரா உள்ள போயிட்டு வரும். போறப்ப எரியும், வர்றப்ப எரியும். டிஸ்கோ லைட் மாதிரி, படுக்கறதா, எழுந்து ஆடறதான்னு தெரியாது.

– பிக்கிள் உள்ள போகாம பார்த்துக்கலாம்.

– யார் பார்த்துக்கறது?

– சரி விடு...

– இல்ல, சொல்லு. யார் பார்த்துக்கறது?

– நாய்க்கு எட்டாத உயரத்துல சென்சாரை வைக்கலாம் கண்ணு. அது ஒரு பெரிய விஷயமே இல்ல. மத்ததைப் பார்ப்போம். துணி தொங்கற கம்பிக்கு முன்னாடி, மேல, ஒரு பட்டை ஓட்டறேன். வெளிச்சம் துணி மேல விழணும், தலை மேல இல்ல. ரொம்ப மஞ்சளும் வேண்டாம், ஆஸ்பத்திரி வெள்ளையும் வேண்டாம்.

– ஆஸ்பத்திரி வெள்ளை வேண்டவே வேண்டாம். முதியோர் இல்லத்துல நாள் பூரா அதுக்கு அடியிலதான் நிக்கறேன்.

– சரி. தம்பி பக்கம் என்னென்ன தொங்கும்?

– என் பக்கமா? ஆரஞ்சு சட்டை. அப்புறம் ஆரஞ்சு சட்டை. அதுக்குப் பக்கத்துல ஆரஞ்சு சட்டை. கடைசில ஒரு கோட்டு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் சேர்த்து.

– சுரங்கத்துச் சட்டைக்கு லைட்டே வேண்டாம், அதுவே எரியும்!

– டிரென்ட், குவினானா ஒர்க்ஷாப்ல இருந்து மறுபடியும் கூப்பிட்டாங்க.

– எப்ப?

– மத்தியானம். நீ எடுக்கலைன்னு எனக்குப் பண்ணாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். இல்லைன்னா வேற ஆளை எடுத்துடுவாங்க.

– பார்த்துக்கலாம்.

– காலைல போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வர்ற வேலை. இங்க இருந்து கார்ல போற தூரம்.

– சம்பளம் பாதி கெரின். இந்த வீடு முடியட்டும்.

– முதல்ல கார் முடியட்டும்னு சொன்ன. அப்புறம் மனை முடியட்டும்னு. இப்ப வீடு. வீடு முடிஞ்சா வேலி முடியட்டும்னு சொல்லுவ.

– சில்வியோ இருக்கார். இப்ப இதைப் பேசணுமா?

– அவர் ஒருத்தர்தான் இருக்கார். இந்த வாரம் வேலை செய்யற இடத்தைத் தவிர நான் நேர்ல பேசின ஒரே மனுஷன் சில்வியோதான். அதுவும் சுவிட்ச் பத்தி.

– நான் வேணா வேன்ல போய்ப் பைப் எடுத்துட்டு...

– இருங்க சில்வியோ. லைட்டை முடிச்சுட்டுப் போங்க. நான் ஒண்ணும் அழப் போறதில்ல, அதுக்குக்கூட எனக்குத் தெம்பில்ல.

– சில்வியோ, நான் ஏன் அந்தக் கீழ் லைட்டுக்கு இப்படி அடம்பிடிக்கறேன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல? என் பூட்ஸ் கதையை கெரின் சொல்லலையா?

– சொல்லல. என்ன கதை?

– டிரென்ட், வேண்டாம்.

– ஏய், நல்லா சிரிப்பார். கேளுங்க. வாடகை வீட்டுல இருந்தப்ப நடந்தது. விடியறதுக்கு முன்னாடி விமானம். இவ ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துட்டு அசந்து தூங்கறா. லைட் போட்டா முழிச்சுக்குவான்னு இருட்டுலயே தடவித் தடவிக் கிளம்பினேன். என்கிட்ட பூட்ஸ் ரெண்டு ஜோடி, பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு. பழசுல ஒரு காலும் புதுசுல ஒரு காலும் மாட்டிக்கிட்டேன். ரெண்டுமே இடது கால்!

– மாதாவே! அப்படியேவா விமானம் ஏறினீங்க?

– அப்படியேதான். சுரங்கத்து ஊரு நியூமன்ல இறங்கி வாத்து மாதிரி நடந்து வர்றேன். பாதுகாப்பு அதிகாரி என் காலைப் பார்க்கறார், மூஞ்சியைப் பார்க்கறார், திரும்பக் காலைப் பார்க்கறார். "நீ நேரா கேம்ப்புக்குப் போவியா, இல்ல வட்டம் அடிச்சு இங்கயே வந்து நிப்பியா?"ங்கறார்.

– அய்யோ, இருங்க தம்பி... ஏணியைப் பிடிச்சுக்கறேன்...

– இன்னும் கேளுங்க. அன்னியில இருந்து கேம்ப்ல என் பேரே "ரெண்டு இடது"தான். சாப்பாட்டு வரிசையில நின்னா சமையல்காரர்கூட "வலது பக்கம் திரும்பத் தெரியுமா உனக்கு"ன்னு கேப்பார். அந்த முறை முடிஞ்சு வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தா, வலது கால் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கு. ஒண்ணுமே தெரியாத மாதிரி.

– நீங்க ஏன் கண்ணு சிரிக்கல? கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சா?

– கிறிஸ்துமஸ் விருந்துல கேட்டாச்சு. இவன் அம்மா வீட்டுல கேட்டாச்சு. என் அக்கா கல்யாணத்துல மைக்கைப் பிடிச்சே சொன்னான். அப்பல்லாம் சிரிச்சாச்சு.

– அப்ப என்ன கெரின்? அதுக்குத்தானே அந்த லைட்? உன் தூக்கம் கெடாம, நான் சரியான பூட்ஸைப் போட்டுக்கிட்டுப் போகணும். உனக்காகத்தான் கேக்கறேன்.

– போறதுக்கு.

– என்ன?

– நீ போறதுக்குத்தான் அந்த லைட். வர்றதுக்கு உனக்கு லைட்டே தேவையில்ல, நீ பட்டப்பகல்ல வர்ற. இந்த வீட்டுல இதுவரைக்கும் நீயா கேட்டு வாங்கற ஒரே பொருள் இதுதான். அடுப்பு எங்க வரணும்னு கேட்டேன், பார்த்துக்கலாம்ன. கட்டில் எந்தப் பக்கம்னேன், உன் இஷ்டம்ன. போறதுக்கு மட்டும் சுவரை வெட்டி, பைப் பதிச்சு, மேல பூசணும்ங்கற.

– அப்படி நான் நினைக்கவே இல்ல.

– தெரியும். அதான் எனக்கு ஆயாசமா இருக்கு.

– நான் வேனுக்குப் போறேன். உண்மையிலேயே பைப் எடுக்கணும். கண்ணு, சுண்ணக்கட்டி இதோ ஜன்னல் ஓட்டையில இருக்கு. கீழ்த்தட்டுல நான் போட்ட குறி இருந்தா வெட்டுவேன். இல்லைன்னா விட்டுடுவேன். வந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.

– சரி சில்வியோ.

– கெரின்? அவர் போயிட்டாரா?

– போயிட்டார். டிரென்ட், நான் தூங்கல.

– என்னிக்கு?

– என்னிக்குமே. நீ கிளம்பற ஒரு காலையிலகூட நான் தூங்கினதில்ல. நீ திருடன் மாதிரி அடிமேல அடி வைப்ப. கதவை மூடறப்ப மூச்சைப் பிடிச்சுக்குவ. நான் கண்ணை மூடிக்கிட்டு, தூங்கறவ எப்படி மூச்சு விடுவான்னு யோசிச்சு யோசிச்சு விட்டுக்கிட்டு இருப்பேன்.

– ஒரு தடவைகூட சொல்லலையே?

– சொன்னா அழுவேன். அழுதா நீ நாள் பூரா அந்த நினைப்போட சுரங்கத்துல அவ்ளோ பெரிய வண்டியை ஓட்டுவ. அதான் சொல்லல.

– கெரின்...

– இன்னும் முடிக்கல. அந்த வலது பூட்ஸ் ரெண்டும். முந்தின ராத்திரி நீ குளிக்கப் போனப்ப எடுத்துட்டுப் போய், துணி துவைக்கற மெஷினுக்குப் பின்னாடி போட்டது நான்தான். அது காணலைன்னா தேடுவ, தேடினா நேரமாகும், விமானம் போயிடும். ஒரு தடவை போகட்டும்னு நினைச்சேன். ஒரு நாள் நீ சமையலறையில உக்காந்து, யாரையாவது திட்டிக்கிட்டே காபி குடிக்கணும்னு ஆசை. ஆனா நீ ரெண்டு இடதையும் மாட்டிக்கிட்டுப் போயிட்ட. அப்புறம் நான்தான் வலது ரெண்டையும் திரும்ப அலமாரியில வச்சேன். அதை ஊர் ஊரா சொல்லிச் சிரிக்கற. நானும் உன் பக்கத்துல நின்னு சிரிக்கறேன்.

...

– டிரென்ட்? தூங்கிட்டியா?

– இல்ல.

– கோபமா?

– அந்தக் குறியை அழிச்சிடு.

– எதை?

– கீழ்த்தட்டுல இருக்கற குறியை. அழிச்சிடு. சில்வியோ வர்றதுக்குள்ள.

– கோபத்துல சொல்லாத. நாளைக்குப் பூசிட்டா அப்புறம் மாத்த முடியாது.

– கோபம் இல்ல. எழுந்து உக்காந்துட்டேன், பூட்ஸைக் கழட்டிட்டு இருக்கேன். நிதானமாத்தான் சொல்றேன். கெரின், மெஷினுக்குப் பின்னாடி ஒரு பூட்ஸோட கயிறு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

– என்ன?

– அன்னிக்குக் காலைல தண்ணி குடிக்கப் போனப்ப பார்த்தேன்.

– பார்த்தியா? பார்த்துமா அப்படியே போன?

– எடுத்திருந்தா உன் பக்கத்துல வந்து உக்காந்திருப்பேன். ஏன் இப்படிப் பண்ணினன்னு கேக்க லைட் போட்டிருப்பேன். அப்புறம் என்னால கிளம்பியிருக்க முடியாது. இத்தனை வருஷமா நான் லைட் போடாம இருந்தது நீ தூங்கணும்னு இல்ல கெரின், நீ முழிச்சிருக்கறதைப் பார்த்துடக் கூடாதுன்னு.